“அவிய” என்றால் எத்தனை பேர்?

இந்த ஊர் கோர்ட்டில், அழுவதற்கு முன்பே ஒரு டிஷ்யூ பெட்டியை எடுத்து நம் முன்னால் வைத்துவிடுகிறார்கள். டொரண்டோவுக்கு வந்து, பெண்கள் காப்பகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அடிபட்ட பெண்களுக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கி சில வருடங்கள் ஆகின்றன. இன்னும் அந்தப் பெட்டி எனக்குப் பழகவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் தனித்தனி அறை. அவன் ஒரு வாசலில் வந்தால் இவள் வேறு வாசலில் போகலாம். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஆபீசரே நடுவில் நிற்கிறார். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். அவளுக்கும் சேர்த்து அவன்தான் டிக்கெட் எடுத்தான்.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இருந்த பேச்சியம்மாளைப் பற்றித்தான் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசி, இன்றைக்குப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். நான் தினமும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு வக்கீலம்மாவின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என்னைவிட மூத்தவள் என்பதால் பேச்சியக்கா என்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அவள் புருஷன் சண்முகம் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பேக்டரியில் பிட்டர். கோயில் கொடை விழா என்றால் முதல் ஆளாக நிற்பான், சிரித்த முகம், பீடிகூடக் கிடையாது. குடித்துவிட்டுத்தான் ஆம்பிளைகள் அடிக்கிறார்கள் என்று நம்மாட்கள் இன்றைக்கும் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்முகம் டீ குடித்துவிட்டு அடித்தான். பேச்சியக்காவின் அம்மா மகள் பேருக்கு எழுதிவைத்துப் போன ஓட்டு வீட்டைத் தன் பேருக்கு மாற்றித் தரவேண்டும் என்பதில் ஆரம்பித்தது. பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒருநாள் பட்டப்பகலில் அவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். அவன் கடப்பாரையால் கதவைப் பெயர்த்தான். முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துவந்து, ஆட்டுரலில் அவள் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா வேண்டாம்டா என்று தன் பாஷையில், “வத்துரா, வத்து!” என்று அலறினார். வேறு யாரும் அசையவில்லை. புருஷன் பொண்டாட்டி சண்டையாம். அவன் கை ஓய்ந்து போனபோது உரலுக்குப் பக்கத்தில் இரண்டு பற்கள் கிடந்தன. போலீஸ் ஸ்டேஷனில் “பேசி முடிச்சிக்கோங்க” என்று இருவரிடமும் எழுதி வாங்கிச் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாளே அவளை எங்கள் வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். “அடிக்கக் கூடாதுன்னு தடை உத்தரவு வாங்க நம்ம சட்டத்துல வழி இல்லை பேச்சி” என்றார் அவர். “வீடு உன் பேர்ல இருக்கு. வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு வேணும்னா வாங்கலாம்.” சட்டம் வீட்டைக் காப்பாற்றும், அதற்குள் இருக்கிறவளைக் காப்பாற்றாது. இருக்கிறதை வைத்துத்தானே பார்க்க முடியும்? மனுவை நான்தான் டைப் அடித்தேன். கதவு போனதற்கு ஒரு பக்கம், பல் போனதற்கு ஒரு வரி.

விசாரணை நாளன்று நானும் அவளும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கிளம்பும் நேரத்தில் சண்முகமும் ஏறினான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். கண்டக்டர் எங்களிடம் வரும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “அவளுக்கும் சேத்து ரெண்டு வில்லிபுத்தூர் குடுங்க.” வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பேச்சியக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

“சும்மா இருட்டி. பஸ்ஸுல வச்சு அவியள அவமானப்படுத்தாத.”

இரண்டு பல் போன வாயால் சொல்கிறாள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை அறைவது என்றே தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்த முன்சீப் வடக்கே வேலூர்ப் பக்கத்து மனிதர், புதிதாக மாற்றலாகி வந்தவர். பொறுமையாகத்தான் கேட்டார்.

“கதவை உடைச்சது யாரும்மா?”

“அவியதான் ஒடைச்சாவ.”

“அவங்கன்னா? எத்தனை பேர் வந்தாங்க?”

“அவிய மட்டுந்தான் வந்தாவ.”

எங்கள் பக்கத்தில் கட்டின புருஷனை ‘அவன்’ என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். மரியாதைக்கு ‘அவிய’தான். கும்பலாக நாலு பேர் வந்தாலும் அதே ‘அவிய’தான். சண்முகத்தின் வக்கீல் உள்ளூர்க்காரர், அவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எழுந்தார். “மனுவில் ஒருத்தர், கூண்டில் பல பேர். கதை மாறுதே!” எங்கள் வக்கீலம்மா அந்த ஊர்ப் பேச்சை விளக்கப் பார்த்தார். சாட்சி தானாகவே சொல்லட்டும் என்றார் முன்சீப். “சரிம்மா, அவர் பெயரைச் சொல்லுங்க, போதும்.”

அதுதான் நடக்காத காரியம். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசியில் முனகினாள். “திருச்செந்தூர்ல நிக்காருல்லா, அந்தச் சாமி பேரு.”

“முருகனா?” இல்லை என்று தலையை ஆட்டினாள். “செந்திலா? கந்தனா?” கோர்ட்டே சிரித்தது. கூப்பிட்டு நிறுத்தும் டவாலி வாயைப் பொத்திக்கொண்டார். சண்முகம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். சாட்சியம் தெளிவாக இல்லை என்று முன்சீப் வழக்கை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார். அதுவரை தடையும் கிடையாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் இங்கே நடந்தது. செல்வராணி என்ற பெண்ணுக்குத் துணையாகப் போயிருந்தேன். எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்துத் தளவாய்புரத்துப் பெண். கல்யாணமாகி நேரே இந்தக் குளிருக்கு வந்தவள். அவள் புருஷன் சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் முதுகில் வைத்திருந்தான். முக்கோண முனை முதற்கொண்டு தழும்பு அப்படியே பதிந்திருந்தது. கிட்டே வரக் கூடாது என்று அவனைத் தடுக்கும் ரெஸ்ட்ரெயினிங் ஆர்டர் கேட்டு நின்றோம். மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், சாந்தமான ஆள். சூடு வைத்தது யார் என்று ஜட்ஜம்மா கேட்டார். “அவிய வச்சாவ” என்றாள் செல்வராணி. பெரியவர் ஆங்கிலத்தில் “அவர்கள் வைத்தார்கள்” என்றார். அந்தப் பக்கத்து வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை பேர் என்றார். ஒரு வாய்தா தள்ளிப்போனால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையத்தில், வழக்கு தள்ளிப்போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தம் கேட்டு ஓடினேன். பேச்சியக்கா வீட்டுப் படியில் சண்முகம் உட்கார்ந்து, துண்டால் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். “கோர்ட்டுல என்னய ஊரு சிரிக்க வச்சிட்டால்லா” என்றான், ஏதோ நியாயம் கேட்கிறவன் மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, “செத்த தண்ணி கொண்டா தாயி” என்றான். நான் அவனைத் தாண்டி உள்ளே போனேன். தலையில் விழவிருந்த அடியை அவள் வலது கையால் தடுத்திருந்தாள். விரல்கள் இருக்கவேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தன. கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை இடது கையாலும் வாயாலும் தானே சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் சுற்றச் சுற்றத் துணி சிவப்பாகிக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில் அவன் கையிலிருந்த ஸ்பேனர் என் கைக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் ஜெயிலிலிருந்து எழுதியிருப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வாய்தாவுக்கு மாவுக்கட்டோடு கூண்டில் ஏறினாள். முன்சீப் பேரைக் கேட்டார். இந்தத் தடவை அவள் கீழே பார்க்கவில்லை. எதிரே நின்றவனை நேராகப் பார்த்தாள்.

“சண்முகம்.”

யாரும் சிரிக்கவில்லை.

“சண்முகம் கதவ ஒடைச்சான். சண்முகம் என் பல்ல ஒடைச்சான். இந்தக் கைய சண்முகம் ஒடைச்சான்.”

ஊரறிய அறை வாங்கியவன்போல அவன் முகம் வெளிறியது. அன்றைக்கே தடை உத்தரவு கிடைத்தது. வெளியே வந்ததும் பேச்சியக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“பேரச் சொல்லிட்டேனட்டி. அவியளுக்கு ஆயுசு கொறஞ்சிருமோ?”

“கொறையட்டும்க்கா” என்றேன். மனசாரச் சொன்னேன்.

குறையவில்லை. உத்தரவை அவன் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. வீட்டுப் படியை மிதிக்காமல், தெருவின் எதிர்ப்பக்கம் அடிகுழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். தண்ணீர் பிடிக்க அவள் குடத்தோடு இறங்கியதும் அடிவயிற்றில் எட்டி உதைத்தான். சாக்கடையில் விழுந்தவளின் உடைந்த கையைச் செருப்புக் காலால் மிதித்தான். வந்த போலீஸ்காரர் உத்தரவை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். “இதுல வீடுன்னுதான போட்டிருக்கு? தெருன்னு இல்லையேம்மா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். வீட்டுக்குள்ளே இருந்தால் தண்ணீர் இல்லை, வேலை இல்லை. வெளியே வந்தால் உயிர் இல்லை. ஒரு வாரத்தில் பேச்சியக்கா வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். கோர்ட்டு காப்பாற்றிக் கொடுத்த வீடு பூட்டியே கிடந்தது.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகு நான் ஊருக்குப் போயிருந்தபோது, அதே தெருவில் சண்முகம் எதிரே வந்தான். “எப்பம்மா வந்த? கனடாவுல குளிரு எம்புட்டு இருக்கும்?” என்று அதே சிரித்த முகத்தோடு கேட்டான். நான் அவனைத் தாண்டி நடந்தேன். கடல் தாண்டி இருக்கிற நான் அந்தத் தெருவுக்குப் போகலாம், வரலாம். திருப்பூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடக்கூடிய பேச்சியக்காவால் தன் வாசலுக்கு வர முடியாது. எது வெளியூர், யார் வெளியூர்க்காரி என்ற கணக்கெல்லாம் எனக்கு அன்றோடு குழம்பிப்போனது.

இதெல்லாம் மனதில் இருக்கும்போது டொரண்டோ கோர்ட்டில் நான் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பேன்? துணைக்கு வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். எழுந்து நின்றுவிட்டேன். “மேடம், அது ஒரே ஒரு ஆள்!” ஜட்ஜம்மா என்னை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார், ஆனால் இன்னொரு முறை பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். உட்கார்ந்தேன். ஆனால் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார். செல்வராணியின் பக்கம் குனிந்தார்.

“பிள்ளை, ஒராளோ, கனபேரோ?”

“ஒராளுதான் ஐயா. அவிய மட்டுந்தான்.”

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்கட பக்கம் ‘அவை’ எண்டால் கனபேர். அதுதான் பிழை விட்டிட்டன்” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, ஜட்ஜம்மாவிடம் எழுந்து நின்று தன் தவறைத் திருத்தினார். புருஷனைக் கௌரவமாகச் சொல்லும் வழக்கம் அது என்று அவர் விளக்கியபோது ஜட்ஜம்மா செல்வராணியை ஒரு கணம் பார்த்தார். முதுகில் சூடு வைத்தவனுக்கு என்ன மரியாதை என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க எனக்கும் ஆங்கிலம் போதாது. ஆனால் கேட்டது கிடைத்தது. இங்கே அவன் பேர் காகிதத்தில் இருந்தது; அவள் வாயால் சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. வீடு, தெரு, பஸ் நிறுத்தம், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் உத்தரவில் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

செல்வராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“இது தளவாய்புரத்துல செல்லுமாக்கா?”

“அங்க எதுக்கு?”

“அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. அவிய வீடும் எங்க வீடும் ஒரே தெரு. நான் போனா அவிய அண்ணந்தம்பிமாரு உசுரோட விடமாட்டானுவ.”

“செல்லாது” என்றேன். உத்தரவில் இந்த ஊர்த் தெருக்கள் எல்லாம் இருந்தன, அவள் தெரு மட்டும் இல்லை.

“அப்பம் சரி” என்றாள். அழவில்லை. ஊருக்கு ஒரு போன் போடவேண்டும் என்றாள். கோர்ட்டு வாசலில், பனி கொட்டிக்கொண்டிருக்க, டெலிபோன் பூத்துக்குள் நின்று என் டெலிபோன் கார்டில் நம்பர் போட்டுக் கொடுத்தேன். அவள் அம்மாவின் குரல் அந்தச் சின்னக் கூண்டுக்கு வெளியே நகர்ந்து நின்ற எனக்கும் கேட்கிற அளவுக்கு இரைந்தது. “மாப்ள எங்கட்டி? சொகமா இருக்காவளா?”

செல்வராணி உத்தரவுக் காகிதத்தை ரிசீவரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள்.

“வேலைக்குப் போயிருக்காவம்மா. நல்லாருக்காவ” என்றாள்.