நாச்சியம்மாளின் சுத்தமான வாய்

எங்கள் லைன் வீடுகளில் நாச்சியம்மாளை யாரும் கெட்டவள் என்று சொல்லமாட்டார்கள். பீளமேட்டு மில் ஒன்றில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் என்னோடு வேலை பார்த்தாள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு நிற்பாள். யார் அழுதாலும் முதலில் தலையைத் தடவுவது அவள் கைதான். கல்யாணம், சீர் என்றால் மட்டும் அவளுக்கு இடுப்பு வலி வந்துவிடும். நான் இதை வெகுநாளாகக் கவனித்திருக்கிறேன். சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

ஆனால் வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன். அந்த வார்த்தைகள் என்னுடையவை இல்லையே. எட்டாவதோடு நின்றவள்தான் என்றாலும், சாப்பாட்டு நேரத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பது நான்தான்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள். கதையில் உஷாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், சிநேகிதி மாலினியிடம் அவள் குணத்தை விசாரித்தார்கள். மாலினி தலையைக் குனிந்து, "அவளைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை" என்றாள். சம்பந்தம் முறிந்தது. உஷா அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

"இவளெல்லாம் ஒரு சிநேகிதியா?" என்றாள் எங்கள் பிரிவிலேயே வேலை பார்க்கும் எதிர்வீட்டுச் சாந்தாமணி. அவளுக்குப் பெருந்துறையிலிருந்து வந்த வரன் போன மாதம் காரணம் சொல்லாமல் நின்றுபோயிருந்தது. கோபியிலிருந்து இன்னொரு வரன். அவர்கள் வெள்ளிக்கிழமை விசாரிக்க வருவதாக இருந்தார்கள்.

நாச்சியம்மாள் தூக்குப்போசியை வழித்துக்கொண்டே, "மாலினி மேல என்ன தப்பு அம்மணி? பொய் சொன்னாளா, குத்தஞ் சொன்னாளா? நல்ல புள்ள" என்றாள்.

"குத்தம் சொன்னா என்னன்னு கேப்பாங்க. ஒண்ணுஞ் சொல்லாட்டி என்னென்னமோ நெனைப்பாங்கல்லங்க்கா."

"நம்ம வாய் சுத்தமா இருக்கோணும், அவ்வளவுதான். பெருந்துறைக்காரங்க உன்னையப் பத்திக் கேட்டப்பக்கூட, 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வேற பக்கம் கேட்டுக்கோங்க'ன்னு சொல்லிப்போட்டேன். ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை கண்ணு."

பெருமையாகத்தான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பெண் விசாரிக்க வந்தால் ஆகாதவர்கள்கூட "தங்கமான புள்ளைங்க" என்பார்கள். ஒரே சுவரை ஒட்டிக் குடியிருப்பவள் தெரியாது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வரன் நின்ற அன்று இவள்தான் நெய் விட்டு அரிசிம்பருப்புச் சோறு கொண்டுபோனாள். சாந்தாமணியின் கண்ணீர் சோற்றில் விழுவதைப் பார்த்துக்கொண்டு, தானே சாப்பிட்டவள்போல நிறைந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

சாந்தாமணி கையிலிருந்த சோற்றைப் போசியிலேயே போட்டாள். "வெள்ளிக்கெழமை வாரவங்களை இந்த அக்கா ஊட்டுக்கு அனுப்பச் சொல்றேன்" என்று என்னைக் காட்டினாள்.

"இவளா?" நாச்சியம்மாள் சிரித்தாள். "இவ வாயைத் தொறக்கறதுக்குள்ள அவங்க கோபிக்கே போய்ச் சேர்ந்துருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் என் வாசலில் நின்றார்கள். "ஏனுங்க, எதுத்தூட்டுப் புள்ள எப்படிங்க?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிர்வரிசையில் நாச்சியம்மாள் விளக்குமாற்றோடு, கூட்டாமல் நின்றிருந்தாள். என் மௌனத்துக்குத்தான் காத்திருந்தாள். நான் பேசாமல் நின்றால், அவள் சொன்னதையே நானும் சொன்னதாகிவிடும்.

"நல்ல புள்ளைங்க" என்றேன். "எனக்கொரு தம்பி இருந்தா உங்களுக்கு உட்டிருக்கமாட்டேனுங்க."

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எதிரே விளக்குமாறு கூட்டத் தொடங்கியது.

தையில் சாந்தாமணிக்குக் கல்யாணம். நாச்சியம்மாளுக்கு அன்றைக்கும் இடுப்பு வலி. பாவம், யாராவது கஞ்சி கொண்டுபோங்கள் என்றார்கள். நான் போகவில்லை.