ரெண்டுங்கெட்டான் மீன்

எங்கள் மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருந்ததாக நினைவில்லை. வானொலி பழுதானாலும் மாட்டுக்கு வயிறு உப்பினாலும் அவரிடம்தான் வருவார்கள். அவரும் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவரை விரல் நீள மீன் ஒன்று மடக்கிவிட்டது.

மலைநாட்டிலிருந்து வந்து நறுவிலிக்குளத்துப் பக்கம் குடியேறியவர்கள் நாங்கள். சண்டைக் காலம். கீரி என்ற தீவுக் கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பமொன்று அடுத்த வளவில் கொட்டில் போட்டிருந்தது. கடலுக்குப் போக வழியில்லாமல் அந்த வீட்டு மகன் எங்களோடு வயல் கூலிக்கு வந்தார். வந்த இடத்தில் சித்தியைப் பார்த்துவிட்டார். சித்தியும் பார்த்துவிட்டாள். அவர்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாரியம்மனை. மாமாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பாதை திறந்ததும் அவர்கள் தீவுக்குத் திரும்பிவிடுவார்கள், பிறகு பயண அனுமதிப் பாஸ் இல்லாமல் தங்கச்சியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது என்று அம்மாவிடம் புலம்புவார்.

அந்த மாரி மழையில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் வழியே வெளியே பாய்ந்தது. நாங்கள் தட்டையன் என்று சொல்லும் மீன் குளத்தில் மஞ்சளாக, விலாவில் கறுப்புப் பொட்டோடு இருக்கும். வான் தண்ணீர் போய்ச் சேரும் உப்புத்தண்ணீர்க் களப்பில் அதே தட்டையன் சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே வாய்க்காலில் அம்மா மா அரிக்கும் அரிதட்டைப் போட்டு நான் அள்ளிய ஒவ்வொரு மீனிலும் மஞ்சளும் இருந்தது, பொட்டும் இருந்தது, வரியும் இருந்தது. சட்டியோடு மாமாவிடம் ஓடினேன்.

மாமா சட்டியைப் பார்த்தார். பிறகு சித்தி நின்ற குசினிப் பக்கம் பார்த்தார். தேவைக்கு மேலே சத்தமாகச் சொன்னார்.

"இது ரெண்டுங்கெட்டான். குளத்து மீனுமில்ல, களப்பு மீனுமில்ல. கோவேறு கழுதை மாதிரி. இதுக்கு வம்சமே கிடையாது, இதோட சரி."

குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. வம்சம் என்றால் என்னவென்று அம்மாவிடம் கேட்டேன். பிள்ளைகுட்டி என்றாள். எனக்கு அந்த மீன்கள் மேல் பாவமாக இருந்தது. உடுப்புத் துவைக்கும் சீமெந்துத் தொட்டியில் விட்டு வளர்த்தேன். அம்மா திட்டித் தீர்த்தாள். சித்தி மட்டும் உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குத் துவைக்கப் போனாள். அவளுக்கும் மீன் என்றால் ஆசை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்டுச் சில கிழமைகளில் அடுத்த வளவிலிருந்து மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் பேச வந்தார்கள். இரவல் கதிரைகளில் இருந்தார்கள். பிள்ளைகளின் விருப்பம் தெரிந்ததுதானே, நீங்கள் ஒரு முடிவைச் சொல்லுங்கோ என்று தாய் மெல்லக் கேட்டார். மாமா முகட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அடுத்து வருவது 'இல்லை' என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த முட்டைகளுக்கு இரண்டு மீன்கள் காவல் நின்றதைச் சில நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவற்றைச் சுற்றித் தூசிபோலக் குஞ்சுகள். நேராகச் சபை நடுவில் போய் நின்றேன்.

"மாமா, கோவேறு கழுதை மாதிரின்னு நீங்க சொன்னது பொய். ரெண்டுங்கெட்டானுக்கு வம்சம் வந்திருச்சு."

அம்மா என் காதைப் பிடிக்க எழுந்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து, காட்டச் சொல்லி என்னோடு வந்துவிட்டார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்.

"கழுதை வேற, குதிரை வேற, தம்பி. இது ரெண்டும் ஒரே மீன். தண்ணிதான் வேற."

மாமா குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். இத்தனையும் குஞ்சா என்று மட்டும் கேட்டார். நிமிர்ந்து, சம்பந்தி வீட்டாருக்கு இன்னும் ஏன் தேத்தண்ணி கொடுக்கவில்லை என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார்.

பின்னாளில் விலங்கியல் படித்தேன். பிரிந்து வாழும் ஓரினத்து மீன்கள் எல்லைத் தண்ணீரில் சந்தித்தால் கலக்கும், அந்தக் கலப்பு மேலும் பெருகும் என்று மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். அது தனக்கு அப்போதே தெரியும் என்று பதில் போட்டிருந்தார்.

அன்று எல்லாரும் உள்ளே போன பிறகு சித்தி தொட்டியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவள் எதற்காக அழுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்தேன்.

"அழாதீங்க சித்தி," என்றேன். "ஒண்ணுகூடச் சாகல."