காலுக்கு ரெண்டு விசில்

எங்கள் தெரு வெள்ளத்துரை அண்ணாச்சி, ஓய்வு பெறும்வரை வாசுதேவநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், ரெண்டு அடித்தால் கிளம்பும். அந்த விசிலை வேறு யாரும் தொட்டால் மனிதருக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும்.

போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. நொறுங்கிப் போனார். ராஜபாளையம் ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்க டீக்கடைக்குத் தானாகவே நடந்து போக வேண்டும். அவருக்கு அந்த ஓர் ஆசைதான்.

ஆஸ்பத்திரியில் சோதனைக்கென்று ஒரு நடை ரோபோவைக் கொடுத்தார்கள். இடுப்பிலிருந்து பாதம்வரை மோட்டார், பட்டை, ஒயர். மாட்டிவிட வந்த இன்ஜினியர் ஜாய்லின் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். காலைத் தூக்குமுன் மிஷின் தொடையில் ஒருமுறை அதிரும். கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் கால் நடக்கும், விட்டால் நிற்கும். எதிரே ஆபத்து என்றால் ரெண்டு முறை அதிரும். அப்போது அழுத்தவே கூடாது.

"தாயி, ரெண்டுன்னா ரைட்டுல்லா? உன் மிஷின் தலைகீழா விசில் அடிக்கி."

"அது விசில் இல்ல அண்ணாச்சி, அதிர்வு."

"எல்லாம் ஒண்ணுதான்."

மாற்ற முடியாதாம், எல்லா நோயாளிக்கும் ஒரே விதிதானாம். சனிக்கிழமைக்குள் பழகாவிட்டால் மிஷின் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள்.

பாவம், முயன்றுதான் பார்த்தார். ஒருமுறை அதிர்ந்தால் பிரேக் போட்டதுபோல நின்றார். ரெண்டு முறை அதிர்ந்தால் உற்சாகமாகப் போய்ச் சுவரில் முட்டினார். பீரோவில் முட்டினார். எதிர்வீட்டு ஆட்டையும் முட்டினார், அது திருப்பி முட்டியது.

"நான் கூட வாரேன்" என்றாள் அவர் மனைவி கனகலட்சுமி அக்கா.

"ஏட்டி, நான் என்ன பாசஞ்சரா? என் காலுக்கு நான்தான் கண்டக்டர்."

சனிக்கிழமை காலை தனியாகவே கிளம்பினார். நான் எதிர்ப்பக்க டீக்கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரோட்டோரம் வந்து சேர்வதற்கும் வாசுதேவநல்லூர் பஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. மிஷின் ரெண்டு முறை அதிர்ந்திருக்க வேண்டும். அத்தனை வருஷப் பழக்கம் கட்டைவிரலை விடுமா? அழுத்திவிட்டார். கால் பஸ்ஸை நோக்கி எட்டு வைத்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு விசில்.

அவர் விரல் தானாக விட்டது. கால் நின்றது. பஸ்ஸும் நின்றது.

பஸ்ஸிலிருந்த கண்டக்டர் தலையை நீட்டினார். "யாருவே அங்கன விசில் அடிக்கது? நான்லா இங்க கண்டக்டர்."

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கனகலட்சுமி அக்கா நின்றுகொண்டிருந்தாள், வாயில் அவருடைய பழைய விசில். சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலேயே வந்திருக்கிறாள். இப்போது மனிதர் வெடிக்கப் போகிறார் என்று நான் எழுந்துவிட்டேன்.

"வண்டிக்கு நீருதாம்வே கண்டக்டர்" என்றார் அண்ணாச்சி. "என் காலுக்கு இவதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா ஒரு கையால் பஸ்ஸை அப்படியே நிற்கச் சொன்னாள். பிறகு அவர் காலைப் பார்த்து ரெண்டு விசில் அடித்தாள்.