அக்காவின் முறைத் தண்ணீர்

அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு, மறுநாள் சாயங்காலம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே விக்கிரவாண்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மகன் போன் செய்தான். "அம்மா, பெரிம்மா பூட்டாங்கம்மா. களை வெட்டிட்டு வந்து, சாப்ட்டுட்டுப் படுத்தாங்க. எழுப்பப் போனா எழுந்துக்கல." பெரியம்மா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி, என் மூத்த ஓரகத்தி அலமேலு அக்கா. கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. ஒரு நாள் படுக்கையில் கிடக்காமல், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள்; இந்த மூட்டுவலியோடு எனக்கு அப்படி ஒரு சாவு வருமா என்றுதான் முதலில் தோன்றியது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வரும் உங்களுக்காக நான்கு வரி எழுதித் தரும்படி மகளிர் குழுவில் கேட்டார்கள். வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான்தான். அக்கா ஐந்தாவதோடு நின்றவள். அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, மறைப்பானேன்? ஆனால் நான்கு வரியில் முடியாது. அக்காவைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல் உங்கள் மனதில் இன்னும் கிடக்கிறது. படத்தைத் திறப்பதற்கு முன் அதை அங்கிருந்து எடுத்தாக வேண்டும்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் எனக்கு அவள்மேல் பொறாமை. அவள் கிண்டும் கேப்பைக் கூழில் கட்டி விழாது. என் கூழில் விழும். ஒரே மூட்டையிலிருந்து விதை எடுத்து மல்லாட்டை போட்டாலும் அவள் செடியில்தான் கடலை கொத்தாக இருக்கும். "உன் கை ராசிக்கை அக்கா" என்று ஒருமுறை சொன்னேன். "ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ சொன்னதைக் கேக்க மாட்ற, அவ்ளோதான்" என்றாள். மாமியார் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

ஐந்து வருடத்துக்கு முன் மழை ஏமாற்றியபோது கரும்பு நட யாருக்கும் துணிச்சல் இல்லை. சர்க்கரை ஆலையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சர்க்கரைக்கிழங்கு என்று ஒன்று இருக்கிறது, பீட்ரூட் போலத்தான், ஆனால் வெள்ளை. அதிலும் சர்க்கரை எடுக்கலாம், கரும்பைவிடக் குறைந்த தண்ணீர் போதும், ஆறு மாதத்தில் அறுவடை என்றார். நானும் அக்காவும் ஆளுக்கு அரை ஏக்கர் போட்டோம். பாகம் பிரித்தபோது இரண்டு குடும்பத்துக்கும் ஒரே போர்வெல்தான் இருந்தது. ஒரு நாள் அவள் முறை, ஒரு நாள் என் முறை. திருப்பிவிடும் வால்வு என் நிலத்தில். என் வீட்டுக்காரர் லாரியில் போய்விடுவார். அக்காவின் கணவர், என் மூத்தார், காலமான பிறகு அவளும் தனியாகத்தான் பயிர் வைத்தாள். ஆகவே வால்வைத் திறப்பதும் மூடுவதும் என் பொறுப்பு.

அந்த விதையில் ஒரு குழிக்கு இரண்டு மூன்று செடி முளைக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிப் போட வேண்டும். அக்கா பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்தாள், ஆடு தின்றது. எனக்கு மனசு வரவில்லை. பிடுங்கியதையெல்லாம் கேப்பை நாற்று நடுவதுபோல இடைவெளி கண்ட இடத்தில் நட்டேன்.

"கஸ்தூரி, இது கேப்பை நாத்து இல்லடி. புடுங்கி நட்டா வேரு மடங்கிக்கும்" என்றாள்.

"உசுரோட இருக்கறத எப்படிக்கா தூக்கிப் போடறது?"

"பாவம் பாத்துக்கினு நிக்காத. ரெண்டையும் உட்டா ரெண்டும் உருப்படாது."

என் வயல் பச்சையாக நிறைந்து நின்றது. அவளுடையது இடைவெளி விட்டு நின்றது. அதைப் பார்த்துப் பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு முறையாவது அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று அந்த மாசி, பங்குனி முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

கிழங்கு எடுப்பதற்கு இருபது நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினால்தான் சர்க்கரை கூடும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். மண் இளகுவதற்காகக் கடைசி நாள் மட்டும் லேசாக ஈரப்படுத்தச் சொன்னார். அதனால் எடுத்த அன்று இரண்டு வயலும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தன. கயிறு பிடித்து இரண்டிலும் சமமாக இடம் அளந்து தோண்டினார்கள். அவள் கிழங்கு ஒவ்வொன்றும் நேராக, கை கொள்ளாத பருமன். என்னுடையது வேர் மடங்கி இரண்டு கால், மூன்று காலாகப் பிரிந்திருந்தது. தோண்ட வந்த பெண் ஒருத்தி, "யக்கா, இந்தக் கெழங்கு சம்மணம் போட்டுக்கினு குந்திக்கினு இருக்குது!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தராசில் அவளுடைய எடை என்னுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"விழுப்புரத்துல விவசாயிங்க கூட்டம் வருதும்மா. நீங்க மேடையில வந்து பேசணும்" என்றார் அதிகாரி. ஐந்தாவது படித்தவளிடம்! அக்கா முகம் சிவந்து, "எனக்கு இன்னா பேச வரும்? கஸ்தூரி எழுதிக் குடுத்தா படிக்கறேன்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். "எழுதறதுக்கு இன்னா இருக்குது? கடைசி இருபது நாளும் தண்ணி உட்டுக்கினே இருந்தா யாருக்குத்தான் எடை ஏறாது?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வால்வு என் நிலத்தில் இருக்கிறது. நான் சொன்னால் அது சாட்சி. அதிகாரி நோட்டை மூடினார். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கிழங்கைச் சாக்கில் அள்ளத் தொடங்கினாள். கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் மழை பெய்தது, ஊரே கரும்புக்குத் திரும்பியது. ஆனால் "தண்ணி காட்டி எடை போட்டவ" என்ற பேச்சு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அவள் ஒன்றும் பரமசாது இல்லை. தோட்டத்தில் முள்ளங்கி பிடுங்கும்போது இரண்டு கால் விட்டது கிடைத்தால் கொண்டுவந்து என் வாசல்படியில் வைத்துவிட்டுப் போவாள். "உன் ஞாபகம் வந்துச்சு" என்பாள். அவ்வளவுதான். அதை நான் அவள் கண் முன்னாலேயே ஆட்டுக்குப் போடுவேன். ஐந்து வருடமும் எங்களுக்குள் அந்தச் சண்டை அப்படித்தான் நடந்தது.

இப்போது கேளுங்கள். அந்த இருபது நாளும் அக்கா ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சவில்லை. பாய்ச்சியவள் நான். மத்தியான வெயிலில் இலை துவண்டு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் என் முறைக்குத் திறந்தேன். வரப்பில் நின்று பார்த்த அக்கா, "உட வேணாம்னுதான் சொல்வேன். கேக்க மாட்டன்னா என் மொறையும் சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கோ" என்றாள். எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர் தண்ணீரைக் குடித்தும் என் கிழங்கு அவள் கிழங்கில் பாதிதான். தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தவள்மேல்தான் அந்தப் பழியைப் போட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே என் முகத்தில் கரி பூசியிருக்கலாம்.

செய்தி கேட்டு வீட்டுக்கு வந்த அன்று வாசல்படியில் ஒரு முள்ளங்கி இருந்தது. இரண்டு கால். காலையில் களைக்குப் போகிற வழியில் வைத்திருக்கிறாள். அதை ஆட்டுக்குப் போடவில்லை. ஃப்ரிட்ஜில் சுருங்கிக் கிடக்கிறது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

நான் செய்ததை அக்கா ஐந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அவள் போய்ப் பதினாறு நாள்தான் ஆகிறது. என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதிலும் அவள்தான் ஜெயித்தாள்.