அசையாத உடும்பு

வழிகாட்டிக்குப் பதினேழு வருடமாக ஒரே வேலை. மழைக்காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய், மூன்று மணி நேரம் நடக்கவிட்டு, கடற்கரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வருகிறவர்கள் மிருகம் பார்க்கத்தான் வருகிறார்கள். வாயை மூடிக்கொண்டு வரவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லாததால் பேசிக்கொண்டே வருகிறார்கள். மிருகங்களுக்கும் காது உண்டு. அவை மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். பழி மட்டும் வழிகாட்டியின் தலையில் விழும்.

கடற்கரைக் குடிசையில் இருக்கும் கருத்துப் புத்தகத்தில் மூன்று குழுக்கள் தொடர்ந்து "ஒன்றையும் பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தன. முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான். கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை, இன்னும் ஒருத்தர் இப்படி எழுதினா நீங்க டிக்கெட் கவுன்டர்ல உட்கார்ந்துடுங்க. ஃபேன் இருக்கு, சௌகரியமா இருக்கும்."

அந்தத் தகரப் பெட்டிக் கவுன்டரை நினைத்தாலே வழிகாட்டிக்கு மூச்சு முட்டியது. ஈர மண் வாசனை இல்லாமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது. வீட்டில் சொன்னார்.

"எங்கண்ணன் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுவாரு" என்றாள் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அண்ணன் நல்லதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒருவர் அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் சோப்புத் தூளைக் கொட்டியிருந்தார். ஓடையைத் தாண்டியதிலிருந்து அவர் காலில் நுரை பொங்கியது. இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து, "சிங்கம் எத்தனை மணிக்கு வரும்?" என்று விசாரித்தார். கடைசியாக ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா பேசாமல் வந்தார். இரண்டரை மணி நேரத்தில் அவர்கள் பார்த்த ஒரே உயிரினம் எறும்பு.

கடல் இரைச்சல் கேட்கத் தொடங்கியதும் வழிகாட்டி நடையைக் குறைத்தார். பாதையின் கடைசி வளைவில், புதருக்குள், பட்டுப்போன கட்டை ஒன்று கிடக்கிறது. தலை, முதுகு, வால் எல்லாம் கச்சிதம். அந்த வழியில் போகும் எல்லா வழிகாட்டிகளும் ஆபத்துக்கு அதைத்தான் உடும்பு என்று காட்டுவார்கள். வெட்கமாக இருக்கிறது என்று இவர் மட்டும் போன மாதம் அதை நிறுத்தியிருந்தார். அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசுதான் புத்தகத்தில் இருந்த மூன்று வரி.

அதற்கொரு முறை உண்டு. முதலில் தான் குந்த வேண்டும். பிறகுதான் கிசுகிசுக்க வேண்டும். குந்தினார்.

"அசையாதீங்க. உடும்பு. ரொம்பப் பெரிசு."

பாட்டு நின்றது. போன்கள் உயர்ந்தன. "கண்ணைச் சிமிட்டுது பாருங்க" என்றார் சிங்கக்காரர். வழிகாட்டி காதில் சுற்ற ஒரு பூதான் கொண்டுவந்தார். அவர்கள் மாலையாகவே கட்டிக்கொண்டார்கள்.

அப்போது அவர்களுக்குப் பின்னால் நிஜமான உடும்பு ஒன்று பாதையைக் கடந்தது. ஓர் ஆள் நீளம். நாக்கை நீட்டி நீட்டி, அவசரமே இல்லாமல் நடந்தது. வழிகாட்டி வாயைத் திறந்தார். இது உடும்பு என்றால் அது என்ன என்று கேட்பார்களே. மூடிக்கொண்டார். பதினேழு வருடத்தில் அவரே இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. யாரிடமும் காட்ட முடியாமல் போனது அவருக்கு அழுகையாக வந்தது.

திரும்பிப் பார்த்தது நர்ஸ் அம்மா மட்டும்தான். அவர் இரண்டையும் பார்த்தார், வழிகாட்டியையும் பார்த்தார்.

குடிசையில் பேனாவை எடுத்ததும் அந்த அம்மாதான். வழிகாட்டி திருதிருவென விழித்தபடி பக்கத்தில் நின்றார்.

"பயப்படாதீங்க தம்பி. நானும் முப்பது வருஷம் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு வலிக்காதுன்னு சொன்னவதான்" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

சாயங்காலம் முதலாளி அதை வாசித்தார். "உடும்பு இரண்டு பார்த்தோம். அதில் ஒன்று நடந்தது."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ரெண்டா? பிரமாதம் மாப்பிள்ளை. டிக்கெட் கவுன்டரை மறந்துடுங்க. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் ரெண்டு காட்டிடுங்க. போர்டுலயும் எழுதச் சொல்லிட்டேன்."

மறுநாள் குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வழிகாட்டி காட்டுக்குள் போனார். வால் மாதிரி வளைந்த இன்னொரு கட்டை வேண்டியிருந்தது.