கொடுக்கப்பட்ட இரு புள்ளிகள்

இரு புள்ளிகள் வழியே செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண நான் பத்தாம் வகுப்பில் கற்ற அந்த ஆண்டின் கோடையில், மல்லசமுத்திரத்தை அடுத்த எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றியது. மரவள்ளி வாடி நின்றது. அது போனால் நிலமும் போகும் என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருந்தோம்.

அம்மாவின் தம்பியான மாமா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு ஆள் பிடித்துத் தருபவர். துளைக்கும் அடிக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு உண்டு. ஆதலால் அப்பா தயங்கினார். மாமா என்னை அழைத்துச் சென்று, அக்கம்பக்கத்தில் நீர் பெருகிய ஆழ்துளைக் கிணறுகள் இரண்டைக் காட்டினார். நிலத்தடி நீரோட்டம் நேராகவே போகும் என்றார். எங்கள் வீட்டு மூலையை ஆதிப்புள்ளியாகக் கொண்டு நாடா பிடித்து அளந்தோம். கிழக்கே நூறடி, வடக்கே முந்நூறடியில் ஒன்று. ஐந்நூறுக்கு ஐந்நூறில் மற்றொன்று. சாய்வு அரை. x – 2y + 500 = 0. அக்கோடு முந்நூறுக்கு நானூறில் எங்கள் மேட்டு நிலத்தைக் கடந்தது.

“தேங்கா வெச்சுத் தண்ணி பாக்கறதெல்லாம் குருட்டாம்போக்குங்க மச்சான். இது உங்க புள்ள போட்ட கணக்கு. தப்புமுங்களா?” என்றார் மாமா. மகளின் கணக்கை மறுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை.

எண்ணூறடி வரையிலும் வெண்புழுதியே பறந்தது. கூடியிருந்தவர்களிடம் மாமா கையை விரித்தார்: “புள்ள கணக்குப் போட்டுக் காட்டுன எடமுங்க. நான் என்னத்தப் பண்றது?” அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. தை பிறக்குமுன் நிலம் கைமாறியது.

பல்லாண்டுகள் கழித்து, எங்களுக்குக் கிழக்கே பயிர் செய்தவரை ஒரு திருமணத்தில் கண்டேன். எங்களுக்கு ஒரு திங்கள் முன்னர், நாங்கள் திருவிழாவுக்கு வெளியூர் போயிருந்த நாளில், அதே வண்டி அவர் தோட்டத்திலும் துளைத்துப் புழுதி கண்டதாம். அழைத்து வந்தவர் மாமாதானாம். இடத்தைக் கேட்டறிந்து சமன்பாட்டில் இட்டேன். எழுநூறு, அறுநூறு. விடை சுழியம். மாமா எனக்குத் தராத மூன்றாம் புள்ளியும் என் கோட்டின் மேலேயே கிடந்தது.

எந்த இரு புள்ளிகளுக்கும் ஒரு கோடு கிடைத்தே தீரும் என்பதும், புள்ளிகளைத் தருபவர் எவர் என்று கேட்க வேண்டும் என்பதும், எங்கள் நிலத்தில் புழுதி பறந்த அன்று எனக்கு எட்டவில்லை. பிழை என்னுடையதே என்று நம்பினேன். மாலை வரை அக்கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், பிழை அகப்படவில்லை. இருந்தும் அழுதுகொண்டே மாமாவிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

“போச்சாது, உடு சாமி” என்று அவர் என் தலையைத் தடவி, என்னை மன்னித்தருளினார்.