நாலு துகள் ஒட்டிய காந்தம்

தாராவியில் எங்கள் சந்தில் எஸ்.எஸ்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். நான் சொல்லாமலே எல்லோருக்கும் இது தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுவேன். வேலை கேட்டு மூன்று முறை விக்ரோலித் தொழிற்சாலைக்குப் போய், மூன்று முறையும் வெறுங்கையோடு பஸ் ஏறியதை மட்டும் சொல்வதில்லை.

அடுத்த வீடு செண்பகவல்லி அக்கா. கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர். மூட்டை தூக்கியே கணவருக்கு முதுகு போனபின், நஜிமுதீன் பாயின் பழைய உலோகக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். லேத் பட்டறைகளிலிருந்து வரும் பித்தளைத் தூளில் இரும்பும் கலந்திருக்கும். அக்கா அதற்குள் ஒரு லாடக் காந்தத்தை விட்டு அலசுவார். இரும்பு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை விரலால்தான் வழித்தெடுக்க வேண்டும். ஏழு வருஷம் வழித்ததில் விரல்நுனியெல்லாம் சிராய் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிட்டார்.

1964 மழைக்காலத்தில், விரல் வலியில் அக்கா சரியாக வழிக்காமல் விட்ட இரண்டு மூட்டைகள், இரும்பு கலந்திருக்கிறதென்று வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்துவிட்டன.

"சனிக்கிழமைக்குள்ள சுத்தமா ஒரு மூட்டை தாம்மா. இல்லேன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதாயிரும்" என்றார் பாய்.

என் படிப்புக்கு அழைப்பு வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

"காந்தம் பிடிச்சா மட்டும் போதாதுக்கா, விடவும் செய்யணும். கம்பியில கரண்ட் ஓடினா அதச் சுத்திக் காந்த சக்தி உண்டாகும். அந்தக் கம்பிய ஒரு போல்ட்டுல நெருக்கமாச் சுத்தினா, சக்தியெல்லாம் ஒண்ணு சேந்து போல்ட்டே காந்தமாயிரும். கரண்ட நிறுத்தினா பிடிச்சதெல்லாம் தன்னால விழுந்திரும். நீங்க விரலே வைக்க வேண்டாம்."

"நெசமாவால? இல்ல, விக்ரோலியில வேல கிடைச்ச மாதிரியா?"

மோட்டார் கடையில் எனாமல் பூசிய செம்புக் கம்பியும், டாக்ஸி கராஜில் பழைய பேட்டரியும் கெஞ்சி வாங்கினேன். கொட்டகையில் நீளமான போல்ட்டைச் செங்கற்களின்மேல் தாங்கவைத்து, ஆளுக்கொரு முனையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"எந்தப் பக்கமால சுத்தணும்?"

"கோயில சுத்துற மாதிரி வலமாத்தான். நல்ல காரியத்துக்கு எடமா யாராவது சுத்துவாங்களாக்கா?"

நான் என் முனையில் தொடங்கி, வலமாக நூறு சுற்றுச் சுற்றி அவர் முனைவரை கொண்டுபோனேன். அதே கம்பியை அறுக்காமல் வாங்கி, அதன்மேலேயே அவர் தம் முனையிலிருந்து வலமாக நூறு சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். பேட்டரியில் மாட்டினேன். கம்பி சூடாயிற்று. போல்ட்டில் நாலே நாலு துகள்கள் ஒட்டின, அதுவும் மரியாதைக்கு.

பேட்டரியைக் குறை சொன்னேன். கம்பியைச் சொன்னேன். மழை ஈரத்தையும் விடவில்லை.

"தம்பி வாயில நல்லாக் கரண்ட் ஓடுது" என்றார் பாய். அன்று வெள்ளிக்கிழமை.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்து, போல்ட்டையே பார்த்தார். தாம் சுற்றியதுபோலக் கையைக் காற்றில் சுற்றினார்.

"ஏல, ஒன் பக்கமிருந்து பாத்தா நான் சுத்தினது எடமால்லா இருக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு வலம் ஒரே திசை அல்ல. என் நூறு சுற்றில் ஒரு பக்கமாக ஓடிய கரண்ட், அவருடைய நூறில் எதிர்ப்பக்கமாக ஓடியிருக்கிறது. என் சுற்றுகள் உண்டாக்கிய காந்த சக்தியை அவருடைய சுற்றுகள் அழித்துவிட்டன. ஒருத்தர் குறைவாகச் சுற்றியிருந்தாலாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நாங்கள் ஒழுங்காக எண்ணித் தொலைத்திருந்தோம்.

அவருடைய நூறைப் பிரித்து, என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மறுபடி சுற்றினார். கம்பியை மாட்டியதும் இரும்புத் தூள் தாடிபோல ஏறி நின்றது. கழற்றினேன். பொலபொலவென்று தகரத்தில் விழுந்தது. அக்கா நம்பாமல் இன்னும் ஐந்து தடவை கழற்றச் சொன்னார்.

சனிக்கிழமை போன மூட்டை திரும்பி வரவில்லை. மூன்று வாரம் கழித்து அக்கா தம் வீட்டில் புளிக்குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நாலாவது முறை விக்ரோலிக்குப் போவதாகச் சொன்னேன்.

"போ. ஆனா அவங்களுக்கு எதிர உக்காராதல" என்றார். "பக்கத்துல போய் உக்காந்து பதில் சொல்லு."